சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல்

தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சிதம்பரத்தில் ஒரு சின்ன கச்சேரி அரங்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மனைவி இறந்த பிறகு எனக்கு வேறு போக்கிடம் இல்லை. சனிக்கிழமை மாலைக் கச்சேரிக்குப் பத்துப் பேர் வந்தால் அதிசயம். ஆனாலும் கரண்ட் போனதும் டீசல் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அரங்கம் முழுக்க விளக்கும் விசிறியும் போடுவேன். காலி நாற்காலிகளை இருட்டில் பார்த்தால் எனக்குத் தாங்காது. உண்மை அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பாட வந்த அம்மா, "பரவால்லீங்க, ஜன்னலத் தொறங்க. வெளிச்சத்துப் பக்கமா உக்காந்துக்கலாம்" என்றார். ஜெனரேட்டர் பின்பக்கச் சந்தில் ஓடியதால், புகை வராமலிருக்க அந்தப் பக்கத்து ஜன்னல்களை நான்தான் ஆணியடித்து வைத்திருந்தேன். பிடுங்கித் திறந்தேன். ஏழு பேர் நெருங்கி உட்கார, மைக் இல்லாமல் பாடினார்.

முதல் பாட்டு முடிந்ததும் சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தது. கொசுவலை கரிபிடித்துக் கறுத்திருந்தது. என் வயதுப் பெண்மணி ஒருவர் எட்டிப்பார்த்தார்.

"ஏங்க, இங்க பாட்டுக் கச்சேரியா நடக்குது?"

"எட்டு வருஷமா நடக்குதுங்க."

"நானும் எட்டு வருஷமா இங்கதான் தனியா கெடக்குறேன். எனக்கு மோட்டார் சத்தம்தான் கேக்கும். புகைக்குப் பயந்து ஜன்னல சாத்திக்குவேன்."

ஆளே வரவில்லை என்று நான் ஏங்கிய மாலைகளிலெல்லாம், பத்தடி தூரத்தில் ஒருவரைப் புகைபோட்டு விரட்டியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஜெனரேட்டர் சரியாகிவிட்டது. அன்றும் கரண்ட் போனது. நான் அதைத் தொடவில்லை. "ஆரம்பிக்கலாமா?" என்று பாட வந்தவர்கள் கேட்டார்கள்.

"இன்னும் ஒருத்தர் வரணும்" என்று சொல்லிவிட்டு, சாத்தியிருந்த எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.