குச்சிக்குக் குச்சி

நம்பாதவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. இது பட்டப்பகலில், ஜப்பானின் கனசாவாவில், எங்கள் கடையில் நடந்தது. பார்த்தவள் நான்.

சர்க்கரை மிட்டாயை அச்சில் அழுத்தி எடுக்கச் சுற்றுலா வருபவர்களுக்குக் கற்றுத்தரும் கடை. நடத்துபவள் என் அக்கா சிஹாரு. சின்ன அறுவை சிகிச்சை என்று மருத்துவமனையில் இருந்தாள். மறுநாள் வீடு திரும்ப வேண்டும். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். அதுவரை கடை அத்தான் கையில். குரங்கு கையில் பூமாலை.

'பாரம்பரியம்' என்ற சொல்லை அத்தான் அளவுக்கு மென்று துப்பியவர் யாரும் இல்லை. வந்தவர்கள் கொட்டாவி விட்டதும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். மிட்டாயை உணவுக்குச்சிகளால் எடுத்து அடுத்தவர் குச்சிக்கு, அங்கிருந்து அதற்கடுத்தவர் குச்சிக்கு... கடைசியில் நிற்கும் அத்தான் பெட்டியில் போடுவார்.

எங்கள் ஊரில் அப்படிக் கைமாறுவது ஒன்றே ஒன்றுதான். தகனம் முடிந்ததும் சாம்பலிலிருந்து பொறுக்கும் எலும்பு. சாப்பாட்டு மேசையில் குழந்தை செய்தால்கூட அடி விழும்.

"அக்கா ஆஸ்பத்திரில இருக்கா. இது வேண்டாம் அத்தான்."

"போடி பயந்தாங்கொள்ளி! இவங்களுக்கு என்ன தெரியப்போகுது? பல்லைக் காட்டிட்டு நில்லு."

தட்டை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். வெளியே மழை. உள்ளே ஹோவென்று சிரிப்பு, கைபேசிகள். தட்டு காலியானது.

ஆனாலும் இன்னொன்று வந்தது...

வரிசையின் தலையில் நின்ற பெண்ணின் குச்சியில். வெள்ளையாக. நாங்கள் அச்சில் எடுத்ததெல்லாம் செவ்வந்திப் பூ. இது பூ இல்லை.

"அட, குட்டி புத்தர்!" என்றாள் அவள்.

"அதை யாரு குடுத்தா?" என்றேன்.

"இங்க நின்னாங்களே... கையில ஆஸ்பத்திரிப் பட்டை கட்டினவங்க."

அவள் காட்டிய இடத்தில் யாரும் இல்லை.

அது கைமாறியது. ஒருவர்... அடுத்தவர்... சிரிப்பு நின்றுபோனது.

"அத்தான், தொடாதீங்க!"

அத்தான் என்னைப் பார்த்து இளித்தார். பெட்டியில் போடவில்லை. வாயில் போட்டுக்கொண்டார்.

கடக்.

சர்க்கரை அப்படி ஒலிக்காது.

கடக்... கடக்.

"இனிப்பே இல்லையே..."

முகம் வெளுத்தது. ஆனாலும் விழுங்கிவிட்டார். அத்தனை பேர் முன்னால் துப்புவது கௌரவக் குறைச்சல்.

தொலைபேசி அடித்தது.

மருத்துவமனை.

அக்கா போய்விட்டாள்.

தகனத்துக்குப் பின் குச்சிகளோடு நின்றோம், அத்தானும் நானும் எதிரெதிராக. கடைசியாக எடுக்க வேண்டியது கழுத்தெலும்பு. கைகூப்பி அமர்ந்த புத்தர் போலிருக்கும். தகனக்கூட ஊழியர் சாம்பலைக் கிளறினார். மறுபடியும் கிளறினார்.

"மத்ததெல்லாம் முழுசா இருக்குங்க," என்றார் மெல்ல. "அது மட்டும் காணோம்."

அத்தான் எச்சில் விழுங்கினார்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.