சாதியைக் கேட்ட மயக்க மருந்து டாக்டர்: வேலூர், குடியாத்தம், 1984

வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் எந்த பஸ், எந்த லாட்ஜ் என்று என்னிடம் கேட்பது உண்டு. சொல்கிறேன். ஆனால் 1984 மார்ச்சில் என் தங்கை கமலாவை அங்கே கூட்டிப்போன கதையை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்?

அப்போது நான் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். கமலா பள்ளிக்கூட டீச்சர், என்னோடுதான் இருந்தாள். பித்தப்பையில் கல். வலி தாங்காமல் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தோம். வேலூர் அறுபத்தேழு கிலோமீட்டர், ஆளுக்கு ஆறரை ரூபாய், இரண்டு மணி நேரம். ஆம்பூர் வந்ததும் தோல் நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலை இறக்கினார்கள். எனக்குப் பழகிய வாசனை, அவளுக்குக் குமட்டியது. பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பை வீங்கிவிட்டது, நாளைக் காலையே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து, நீங்கள் எந்தச் சாதி என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! விண்ணப்பத்தில்கூட அந்த இடத்தில் கோடு போட்டுவிடுகிறவன் நான். எங்களுக்குச் சாதி கிடையாது என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"கிடையாதுன்னு நீங்க சொல்லலாம் சார். உங்க தங்கச்சி ரத்தம் சொல்லணுமே."

பிறகு பொறுமையாக விளக்கினார். மயக்கம் கொடுத்ததும் தசையைத் தளர்த்த ஓர் ஊசி போடுவார்கள். ரத்தத்தில் உள்ள ஒரு சத்து அதைச் சில நிமிஷங்களில் கரைத்துவிடும், மூச்சு திரும்பும். சில குடும்பங்களில் அந்தச் சத்து பிறவியிலேயே இல்லை. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் ஒரு சாதியில், இந்தப் பக்கம் அது ஜாஸ்தி. அவர்களுக்கு அதே ஊசியைப் போட்டால் மணிக்கணக்கில் தானாக மூச்சு வராது. வேறு ஊசி இருக்கிறது. அது மெதுவாக வேலை செய்யும், அதிலும் ஆபத்து உண்டு, வெறும் சந்தேகத்துக்காக மாற்ற முடியாது. ரத்தப் பரிசோதனை முடிவு வர நாலு நாள் ஆகும். வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்றார். அவர் சொன்ன சாதி எங்களுடையதுதான். பெயரை இங்கேயும் எழுத மாட்டேன், போங்கள்.

குடியாத்தத்தில் இருக்கும் பெரியண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருந்தேன். அவரோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. கமலாவைத் தாய்மாமனுக்கே கட்டிவைக்கப் பார்த்தார். நான் சண்டை போட்டு அவளை என்னோடு கூட்டிவந்துவிட்டேன். இப்போது வேறு வழி? மதியம் இரண்டு பத்து பஸ்ஸில் ஏறினேன். முப்பத்துமூன்று கிலோமீட்டர், மூன்று ரூபாய் இருபது பைசா. பள்ளிகொண்டாவில் டிரைவர் டீ குடிக்க இறங்கி இருபது நிமிஷம் ஆக்கினார். அவசரம் என்றதற்கு, "இன்னா சார் பேஜாரு, ஊரு எங்க ஓடிப்போகுது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் தன் நூல் கடையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மேஜை டிராயரிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்து நீட்டினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மேலே தபால்காரர் கையெழுத்தில் 'வாங்க மறுத்தார்'. போன வருஷம் அண்ணன் கையெழுத்தைப் பார்த்ததும், மறுபடி கல்யாணப் பேச்சுதான் என்று திருப்பி அனுப்பியவன் நான்.

"அஞ்சு மணி நேரம் எனக்கு மூச்சு வர்லடா. மூஞ்சில காத்துப் பையை வச்சு அமுக்கி அமுக்கித்தான் காப்பாத்துனாங்க. கூடப் பொறந்தவங்களுக்கு சொல்லிடுன்னு டாக்டர் சொன்னாரு. அதத்தான் எழுதுனேன்."

கடையைச் சாத்திவிட்டு அண்ணனும் கூடவே வந்தார். ஆறரைக்கு டாக்டரம்மா கடிதத்தைப் பிரித்துப் படித்தார், அண்ணனிடம் நாலு கேள்வி கேட்டார், கமலாவின் சீட்டில் அந்த ஊசியின் பெயரை எழுதிச் சிவப்பு மையால் அடித்தார். சாதியை எழுதவில்லை. மறுநாள் பதினொன்றரைக்குக் கமலா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். நாலாம் நாள் முடிவு வந்தது: அவளுக்கு அந்தச் சத்து அறவே இல்லை. என் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள், எனக்குப் பாதி இருக்கிறதாம்.

போகிறவர்களுக்கு: லாட்ஜில் அன்று ஒற்றை அறை பதினைந்து ரூபாய், இன்றைய வாடகையை விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். கூடப்பிறந்தவர்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டுக்கொண்டு போங்கள். முக்கியமாக, பேச்சு இல்லாதவர்களிடம்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கமலா என் தோளில் சாய்ந்துகொண்டு, "சண்டைய மறந்து பெரியண்ணன் சரியான நேரத்துக்கு எழுதி அனுப்பிட்டாரு பாத்தியாண்ணா" என்றாள். கடிதத்தை நான் திருப்பி அனுப்பியதை அண்ணன் அவளிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஆமாம் என்றேன். இத்தனை வருஷமும் ஆமாம் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் அவள்.