வெள்ளைத் தூளும் ஒரு வாளித் தண்ணீரும்

டயர் கறுப்பாக இருப்பதற்கு ரப்பர் காரணமில்லை. யாரிடம் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். மரத்திலிருந்து வடியும் பால் வெள்ளை, உறைந்தால் பழுப்பு. அதோடு கலக்கும் கரித்தூள்தான் டயரைக் கறுப்பாக்குகிறது, சீக்கிரம் தேயாமலும் காக்கிறது. எண்ணெயை அரைகுறையாக எரித்து, அந்தப் புகையிலிருந்து எடுக்கிற தூள் அது. மாலூர் தாண்டி ஒரு டயர் கம்பெனியில், கலவையைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. சேர்ந்த நாளிலிருந்து பல வருஷம் நான் வீட்டுக்குக் கறுப்பாகத்தான் திரும்பினேன். காது மடல், நகக்கண், கைக்குட்டை எல்லாவற்றிலும் கரி. மாரிக்குப்பம் ரயிலில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தங்கள் துப்பட்டாவை இழுத்து வைத்துக்கொள்வார்கள்.

அப்பா மட்டும் அந்தக் கரியைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. "கரிதான, சோப்பு போட்டா போவுது" என்பதோடு சரி.

அவர் தங்கச் சுரங்கத்தில் டிரில்லர். பாறையில் துளை போடுகிற வேலை. சுரங்கத்தை மூடுவதற்கு முன்பே அவர் நெஞ்சு மூடத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். பாறைத்தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வெளியே வருவதில்லை. நந்திதுர்க் பக்கம், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அதைப் பெரிய வார்த்தை போட்டுச் சொல்ல மாட்டார்கள். 'நெஞ்சுல தூசி' என்பார்கள். அவ்வளவு சொன்னாலே எல்லோருக்கும் புரியும். சர்ச்சில் ஒரு காலத்தில் கூரை அதிரப் பாடிய மனிதர், கடைசியில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார்.

இப்படிக் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்த என் வேலை ஒரு நாள் வெள்ளையாக மாறியது. கரித்தூளைக் குறைத்துக்கொண்டு, நெல் உமிச் சாம்பலிலிருந்து எடுக்கும் சிலிக்காவைச் சேர்ப்பது என்று கம்பெனி முடிவெடுத்தது. அரிசி ஆலைகளில் கொட்ட இடமில்லாமல் குவிகிற சாம்பலுக்கு ஒரு வழி பிறக்கும். எண்ணெய் எரிப்பது குறையும். அந்த டயர் சாலையில் லேசாக உருளும், வண்டி குடிக்கிற பெட்ரோலும் குறையும். கம்பெனி வாசலில் பச்சை இலை போட்ட பேனர் ஒன்று கட்டினார்கள். பேனர் பிளாஸ்டிக். அதை நான் வாய்விட்டுச் சொன்னது மேலாளருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கெடுதல் குறைகிற ஒரு காரியத்தில் நம் கையும் இருக்கிறது என்ற பெருமை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

சோதனை நாட்களில் எல்லாமே கைவேலை. மூட்டையைக் கத்தியால் கிழித்து, அள்ளி எடை போட்டு, கலவை இயந்திரத்தின் வாயில் கொட்டுவோம். மாவு சலித்ததுபோல் அறை முழுக்க வெள்ளை பறக்கும். முகத்துக்குக் கவசம் இருந்தது, சட்டைக்கு இல்லை.

முதல் நாள் அப்படியே வீட்டுக்கு வந்தேன். அப்பா வழக்கம்போல வாசல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். என் சட்டைக் கை மடிப்பைப் பார்த்தார்.

"இன்னாது அது?"

"தூள்ப்பா. உமியில எடுக்கறது." சொல்லிக்கொண்டே தட்டிவிடக் கையைத் தூக்கினேன்.

"உதறாத." குரல் ஏறியதில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "அப்டியே நில்லு. உள்ள போவாத" என்றார்.

அந்த வார்த்தைகளை நான் அதற்கு முன் கேட்டது என் அம்மாவிடம். அப்போது சொன்னது அப்பாவுக்கு. சுரங்கத்து வீடுகளில் அது ஒரு வழக்கம். வாசலுக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீர் நிற்கும். ஷிப்ட் முடிந்து வருகிற ஆள் சட்டையை உதறாமல் கழற்றி அதில் அமுக்கிவிட்டுத்தான் படி ஏற வேண்டும். காய்ந்த துணியை உதறினால் தூசி பிள்ளைகள் மூக்குக்குப் போகும். அப்பா வந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள எங்களுக்கு அனுமதியில்லை. துணி நனைகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஓடுவோம். அம்மா இறந்த பிறகு அந்த வாளியில் துடைப்பங்கள் நின்றன.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வாளி வாசலில் இருந்தது, கழுவி, நிறையத் தண்ணீரோடு.

முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வீட்டுக்கு வந்த காலமெல்லாம் போய்விட்டது. டேங்கர் வரும் நாளில் பிடித்து வைப்பதுதான் எங்களுக்கு. அந்தத் தண்ணீரைப் பின்கட்டு டிரம்மிலிருந்து மொண்டு, வீட்டைச் சுற்றி வாசலுக்குத் தூக்கிவருகிறார். பாதி வழியில் வாளியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவார், பிறகு தூக்குவார். அடுத்த வீட்டு அக்கா பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "உங்கப்பா ஒரு நாள் அந்த வாளியோடயே போய்டுவாரு, பாத்துக்க" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போதெல்லாம், வாளி உருண்டு கிடப்பதும் பக்கத்தில் அவர் கிடப்பதும்தான் மனதில் ஓடும்.

சொல்லிப் பார்த்தேன். இரண்டும் சிலிக்காதான், ஆனால் பாறைத்தூசி உடைந்த கண்ணாடி மாதிரி, நெஞ்சைக் கிழிக்கும். இது அடுப்புச் சாம்பல் மாதிரி, எந்தத் தூசியும் நல்லதில்லை என்றாலும் இது அந்த நோயைத் தராது என்று விளக்கினேன். படம் வரைந்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா. சட்டைய வாளியில போடு" என்றார்.

தந்திரமும் செய்து பார்த்தேன். கம்பெனியிலேயே உடை மாற்றிக்கொண்டு, சீருடையைப் பையில் சுருட்டி எடுத்துவந்தேன். அவர் பையோடு நனைத்துவிட்டார். அன்றைக்கு என் சாப்பாட்டு டப்பாவும் அடையாள அட்டையும் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றன.

ஏறக்குறைய இரண்டு வருஷம் இப்படியே போனது. அதற்குள் சோதனை முடிந்து, கம்பெனியில் புதிய கலவைக்கூடம் வந்துவிட்டது. இப்போது யாரும் மூட்டை கிழிப்பதில்லை. லாரியிலிருந்து குழாய் வழியே தூள் நேராக இயந்திரத்துக்குள் இறங்குகிறது. இயந்திரத்தின் வாயருகே தூசியை உறிஞ்சும் பெரிய குழாய். என் சட்டையில் இப்போது படுவது சோதனைக் கூடத்து மாதிரிகளின் தூள், கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் வாசலில் வாளி இருந்தது. அந்த வருஷம் ஊழியர் குடும்பங்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டும் நாள் வந்தபோது, இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது. அவர் வாளி தூக்குவது நிற்க வேண்டும், அவர் மூச்சு மிஞ்ச வேண்டும். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

வாடகைக் கார் பிடித்தோம். சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கலவைக்கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு அங்கிருந்த கைப்பிடிக் கம்பியில் விரலை இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். தூசி இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அந்த உறிஞ்சுற குழாய யாரு மூடுவாங்க?" என்று கேட்டார்.

"யாரும் மூட மாட்டாங்கப்பா."

"மாட்டாங்கன்னு கேக்கல. சத்தம் தாங்கல, சூடு தாங்கல, ஷிப்ட்ல கீறவன் கொஞ்ச நேரம் மூடிக்கினா?"

"மூட முடியாதுப்பா. அது நின்னா தூள் இறங்காது, மெஷினே நின்னுடும். அது ஓடுனாதான் மத்தது ஓடும்."

சொன்னதோடு விட்டிருக்கலாம். உள்ளே இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் சைகை காட்டி, நிறுத்திக் காட்டச் சொன்னேன். அவர் உறிஞ்சியை நிறுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றாக எல்லாமே நின்றது. நான் ஏதோ வித்தை காட்டியவள்போல அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"எங்க டிரில்லுலயும் தண்ணிக் குழா இருந்துச்சும்மா" என்றார்.

எனக்கு அது தெரியாது. துளை போடும்போதே தண்ணீர் பாய்ந்தால் தூசி சேறாகி வழிந்துவிடும், பறக்காது. அதற்காகவே டிரில்லோடு, விரலால் திருகித் திறக்கிற ஒரு குழாய் இருந்திருக்கிறது.

"மூடிடுவோம். கேஜுல பூமிக்கு அடியில எறங்கி அந்த லெவலுக்குப் போனா நெருப்பு மாதிரி சூடு. அதுல தண்ணியும் பட்டா ஆவி. தல சுத்தும், மூச்சு முட்டும். மூடிட்டா கொஞ்சம் தேவல. மேஸ்திரி வந்தா தொறப்போம், போனா மூடுவோம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "எங்க கேங்குல நான்தான் பெரியவன். நான் மூடுனா மத்தவனுங்களும் மூடுவானுங்க. இப்ப அவனுங்க ஒருத்தனும் இல்ல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரோடு வேலை செய்தவர்களின் சவ ஊர்வலங்களுக்கு நானும் போயிருக்கிறேன். அப்பா எப்போதும் கூட்டத்தின் கடைசியில்தான் நடப்பார். மூச்சுக்காக என்று நினைத்திருந்தேன்.

"இந்த மாதிரி அதுலயும் ஒண்ணு வெச்சிருந்தா? தண்ணி ஓடுனாதான் டிரில் ஓடும்னு. மூடியிருக்க முடியாது, இல்ல?"

அந்தக் காலத்தில் அதெல்லாம் முடியாதுப்பா என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு நேரமும் இருந்தது. ஆனால் என் படிப்பும் வேலையும் முந்திக்கொள்ள, "ஆமாம்ப்பா" என்றேன்.

திரும்பி வரும் வழி முழுக்க அவர் கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்குள் நுழையும்போது சயனைட் மேடுகள் தெரிந்தன, தங்கம் எடுத்தபின் கொட்டிய சாம்பல் நிற மண் மலைகள். அன்றைக்குக் காற்று இல்லை, தூசி கிளம்பவில்லை.

கம்பெனிக் கூட்டங்களில் சுற்றுச்சூழல் என்று பேச்சு வந்தால், எதில் என்ன கலப்பது, எதைக் குறைப்பது என்றுதான் பேசுவார்கள். பழைய டயரை அரைத்துச் சேர்க்கலாமா, ஆலைக் கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்வது, புகைபோக்கிக்கு எந்த வடிகட்டி. எல்லாம் நல்ல பேச்சுதான். நான் இப்போது ஒன்றையே கேட்கிறேன்: ஓட்டுகிற ஆளுக்குச் சூடும் அவசரமும் தாங்காதபோது இதை மூட முடியுமா? முடியும் என்றால் மூடத்தான் செய்வார்கள். கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. என் அப்பா கெட்டவர் இல்லை. இந்தக் கேள்வியை எங்கே படித்தீர்கள் என்று ஒரு முறை மேலாளர் கேட்டார்.

கம்பெனிக்குப் போய்வந்த மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் வாளி இல்லை. நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் பையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"வாளி எங்கப்பா?"

"அதான் அந்தக் குழாய மூட முடியாதில்ல. அப்புறம் இன்னாத்துக்கு?"

முகம் என் பக்கம் திரும்பவில்லை. அந்த வாளியை அவர் எனக்காக மட்டும் சுமக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று சுரங்கத்தில் மூடிய தண்ணீரை, இத்தனை காலம் கழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாளியாகத் தூக்கிவந்திருக்கிறார். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். அவரை அங்கே கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

சீருடையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போகும்போது பார்த்தேன். அவருடைய வலது கை மடியில் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ மெல்லத் திருகிக்கொண்டிருந்தன. திறக்கிறாரா, மூடுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.