வத்தல் கடை இருமல்

இங்கே இரண்டு முறை இருமினால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தென் ஜெர்மனியில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்கிற சின்னத் தொழிற்சாலையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் மாதம், மேஜையில் உட்கார்ந்தபடி சும்மா இருமினேன். எதிரே இருந்தவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினார். மறுபடி இருமினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளியம்மா ஃப்ராவ் கெல்லர் எழுந்து வந்து, மாட்டியிருந்த என் கோட்டை எடுத்து நீட்டினார். "வீட்டுக்குப் போங்கள். கூட்டே பெஸ்ஸருங்" என்றார். சீக்கிரம் குணமாகட்டும் என்று அர்த்தம். அது அப்போது எனக்குத் தெரியாது. வேலை போய்விட்டது என்று நினைத்து, பஸ்ஸில் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போனால், ஏன் அதற்குள் வந்தாய் என்று கேட்டார்கள்.

எங்களுக்கு அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் மழையை மட்டும் நம்பி விளைகிற மிளகாய், மாசி பிறந்தால் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டியதும் நெடி எழும்பும். கடை இருமும், பக்கத்துக் கடை இருமும், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு இருமியபடி போவார்கள். அப்பா வீட்டுக்குள் இருந்தபடியே அந்தச் சத்தத்தை வைத்து, "இன்னைக்கு லோடு நெறைய" என்பார். இருமல் கேட்காத கடையில் சரக்கு இல்லை என்று பொருள். அதனால் இருமலை ஒரு நோயாக நான் நினைத்ததே கிடையாது. அது எங்கள் வீட்டுச் சோறு.

போன வருடம் மார்ச்சில் எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் என் காப்பீட்டு அட்டையை வாங்கி, பெட்டி ஒன்றில் செருகி எடுத்து, திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்கவில்லை. "யாரு வீட்டு ஆளு?" என்றும் கேட்கவில்லை. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தபோது, வெள்ளைச் சுவரெல்லாம் சிவந்து, வத்தல் அம்பாரம் மேலே மேலே குவிந்தது. நான் அதன்மேல் மெத்தையில் படுப்பதுபோலப் படுத்திருந்தேன். எரிச்சலே இல்லை. யாரோ ஒருவர் தூரத்தில் இருமிக்கொண்டே இருந்தார். யார் என்று பார்க்கத் தலையைத் திருப்பினால் ஜன்னலில் பனி பெய்துகொண்டிருந்தது.

தேறி எழுந்ததும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நல்ல சட்டை போட்டு, தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழமும் நான்கு ஆப்பிளும் வைத்து, ஃப்ராவ் கெல்லரின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலையை விட்டுப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. என் ஆபரேஷனுக்கு நன்றி சொல்ல வந்தேன்."

"ஆனால் நான் டாக்டர் இல்லையே!"

முதலாளி தந்த அட்டைதானே என்னைப் பிழைக்க வைத்தது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "அது நான் கொடுத்தது இல்லை. பாதி நான் கட்ட வேண்டும், பாதி நீங்கள் கட்டுகிறீர்கள். நாளைக்கு என்னை விட்டு வேறு இடம் போனாலும் அட்டை உங்களோடு வரும். இதற்கு எனக்கு எதற்குப் பழம்?" என்றார். மறுநாள் அந்தச் சீப்பை அலுவலகச் சமையலறையில் வைத்திருந்தார். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எங்கள் கடையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா காரணம் கேட்க மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, தானே கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போவார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்திருப்பார். குணமாகி வந்ததும் அவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வாசலில் நிற்பார்கள். அம்மா வாங்கி உள்ளே வைப்பாள். எங்கள் வீட்டில் நான் தின்ற வாழைப்பழத்தில் பாதி, பிழைத்து வந்தவர்கள் கொண்டுவந்தது. என் அப்பா நல்லவர். இதை எழுதும்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் போன பிறகு அண்ணனும் அதையே செய்து வருகிறான்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். காட்டில் விதைப்பு நேரம். கடையில் சரக்கு இல்லை. கூட்டிப் பெருக்கிய சிமெண்ட் தரையைக் காட்டினான். அதன்மேல் வெயில் நீளமாகப் படுத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அப்போது பின்னால் யாரோ இருமினார்கள்.

"யாருண்ணே இருமுறது?"

"எவனாவது இருமுவான். வத்தக் கடையில இருமாம என்ன செய்வான்?"

"வத்தல்தான் இல்லையே!"

அண்ணன் திரும்பிப் பார்த்தான். ஏழு வருடம் இருமலைக் கண்டால் கோட்டை எடுத்து நீட்டுகிற ஊரில் இருந்திருக்காவிட்டால் எனக்கும் அந்த இருமல் கேட்டிருக்காது. போனைத் திருப்பினான். தராசுக்குப் பக்கத்தில் இருளாண்டியண்ணன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பரளச்சிக்காரர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவர். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வைகாசியிலிருந்தே இருமலாம். வத்தல் நெடிக்குள் அதை ஒளித்து வைத்திருந்திருக்கிறார். சரக்கு தீர்ந்ததும் ஒளிய இடமில்லை.

"ஏண்ணே சொல்லல?" என்று அவரிடம் கேட்டேன்.

"போன வருசந்தானே சின்ன மொதலாளி, ஒங்க அண்ணன் எம் பொஞ்சாதிக்கு ஆப்பரேசன் செஞ்சு விட்டாக. அதுக்குள்ள மறுபடி வந்து வாசல்ல நிக்கச் சொல்றீகளா? எனக்கு மூஞ்சி இருக்கா?"

மறுநாளே அண்ணன் அவரை வம்பாக வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனான். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். கார்த்திகையில் இருளாண்டியண்ணன் வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார். அந்தப் படத்தை அண்ணன் பெருமையாக அனுப்பிவைத்தான். எங்கள் நல்ல மனசுதான் அவரைப் பிழைக்க வைத்தது, உண்மை. அந்த நல்ல மனசை இரண்டாம் முறை கேட்கக் கூசித்தான் அவர் ஐந்து மாதம் செத்துக்கொண்டிருந்தார். அதுவும் உண்மைதான்.

அதிலிருந்து அண்ணனை விடவில்லை. கடை ஆட்கள் பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரு காப்பீடு எடு என்று வாராவாரம் நச்சரித்தேன்.

"ஏலே, இருளாண்டி நம்ம ஆளு. அவனுக்கு ஒண்ணுன்னா நான் பாக்க மாட்டேனா? எவனோ ஒரு கம்பெனிக்காரன் அட்டையக் கையில குடுத்து, போய்க் காட்டிக்கோன்னா, கைகழுவி விட்ட மாதிரி ஆயிராதா?"

"நீ நல்லா இருக்குற வரைக்கும் பாப்பண்ணே. உனக்கே ஒரு வருசம் மழை பொய்ச்சு சரக்கு வரலன்னா?"

"சரிப்பா, பெரிய ஜெர்மன்காரா. அவன் கடைய விட்டுப் போனா அந்த அட்டையும் செல்லாதுல்ல? அப்ப யாரு பாப்பா?"

அவன் கேட்டது சரிதான். முதலாளிதான் பொறுப்பு என்று நான் அடித்துப் பேசுகிறேன். ஆனால் முதலாளியோடு முடிந்துபோகிற பொறுப்பு அரைப் பொறுப்புதான் என்பது ஃப்ராவ் கெல்லரின் வாசலில் தட்டோடு நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும், ஒன்றுமில்லாததற்கு அரை மேல் என்று பிடிவாதம் பிடித்தேன். தை பிறந்ததும் அண்ணன் முனகிக்கொண்டே எடுத்தான். அட்டைகளை வரிசையாகப் பரப்பிப் படம் அனுப்பினான். இருளாண்டியண்ணன் தன் அட்டையில் திருடனைப்போல முழித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சித்திரையில், நான் அலுவலகத்தில் இருக்கும்போது அண்ணனின் அழைப்பு வந்தது. எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

"இருளாண்டிக்குக் குடலிறக்கம்னு ஆப்பரேசன்லே. எங்கிட்டக் கேக்கல. அவனா மகனக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போயிருக்கான், அட்டையக் காட்டியிருக்கான், செஞ்சுக்கிட்டு வந்துட்டான். இன்னைக்கு லோடு எறங்குதுன்னு பாக்க வந்தவன், நேரா உள்ள வந்து எம் பக்கத்துப் பெஞ்சுல உக்காந்தான். இன்னும் ஒரு மாசத்துக்கு மூட்ட தூக்க மாட்டேங்கறான்."

"நல்லதுதானண்ணே!"

"நல்லதுதாம்பா." யாருக்கோ எடை சொல்லிவிட்டு வந்தான். "ஒரு சீப்புப் பழங்கூட வாங்கிட்டு வரல."

நான் சிரித்தேன். இதற்காகத்தானே வாராவாரம் சண்டை போட்டேன்? ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மலைமேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்: இங்கே அட்டையைக் காட்டிப் பிழைத்த கூலிக்காரன் நான். ஆனால் எனக்குள்ளே அந்த முதலாளி வீட்டுப் பிள்ளை இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், பழத்தோடு யாராவது வருவார்களா என்று. இருளாண்டியண்ணன் வராததில் அவனுக்கு வருத்தம். பாழாய்ப்போன வருத்தம், ஆனாலும் வருத்தம்.

போனுக்குள் சாக்கை அவிழ்த்துக் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு இருமல். அண்ணன் இருமினான், லோடுமேன்கள் இருமினார்கள், தெரு இருமியது. அந்தக் கூட்டத்தில் இருளாண்டியண்ணனின் இருமல் எது என்று காது கொடுத்துத் தேடினேன். பிரித்து எடுக்க முடியவில்லை. எல்லாம் வத்தல் இருமல்தான். நிம்மதியாக இருந்தது. அத்தனை தூரத்து நெடி எப்படி ஏறியதோ, எனக்கும் தொண்டை கமறியது. ஒரு முறை இருமினேன். அடக்கப் பார்த்தும் முடியாமல் இன்னொரு முறை.

மேலே கதவு திறந்தது. ஃப்ராவ் கெல்லர் என் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போங்கள்" என்றார்.