பீரோ கண்ணாடியைப் பார்த்த மாடுகள்

இன்று வீடு மாற்ற வந்தவர்கள் பீரோவை லிஃப்டுக்குத் தள்ளினார்கள். "முதல்ல கண்ணாடியை மூடுங்க!" என்று கத்திவிட்டேன். எனக்கே வெட்கமாகப் போயிற்று.

எண்பதுகளின் தொடக்கம், நெய்வேலி. கணவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, குவார்ட்டர்ஸ் கிடையாது. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் வீடு கிடைத்தது. கரைமேல் லாரி போகாதென்று இரண்டு மாட்டுவண்டி பிடித்தோம்.

முன்வண்டியில் பீரோவும் கணவரும். பாத்திரம் உரசுமென்று கண்ணாடியைப் பின்பக்கம் பார்க்க வைக்கச் சொன்னது நான்தான். பின்வண்டியில் நானும் கைக்குழந்தையும்.

பாதிக் கரையில் முன்வண்டி நின்றது. நெருங்கிப் போன எங்கள் மாடுகள், எதிரே இரண்டு மாடுகள் முட்ட வருவதாக நினைத்து மிரண்டு பின்வாங்கின. ஒரு சக்கரம் விளிம்பைவிட்டு இறங்கியது. கீழே ஏரி. குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

"கண்ணாடியப் பாத்துக்கினு மிரளுதுங்க! மூடுங்க சார்!" எங்கள் வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றில் தொங்கினார். கணவர் சட்டையைக் கழற்றிக் கண்ணாடிமேல் போர்த்தினார். மாடுகள் நின்றன.

"ஆறாவது மாடிக்கு எந்த மாடும்மா வரப்போவுது?" என்று, நான் சொன்ன இந்தக் கதையைக் கேட்டு, இன்று வந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

வராதுதான். ஆனாலும் கண்ணாடிமேல் போட்ட போர்வையை இன்னும் எடுக்கவில்லை. எடுத்துவிடலாம் என்கிறீர்களா?