முள்ளே வராத அன்னாசி

எண்பதுகளின் தொடக்கத்தில், களமசேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த என் கணவரின் தம்பி, கண்ணாடிக் குப்பியில் வளர்த்த மூன்று அன்னாசிக் கன்றுகளை எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"மன்னி, இதுக்கு ஜென்மத்துக்கும் முள்ளு வராது" என்றான்.

ஒரு வருஷம் மாசாமாசம் வந்தான். இலை ஓரத்தை விரலால் தடவி, 'முள் இல்லை' என்று நோட்டில் எழுதுவான். என் சாயாவில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போவான். அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றியவள் நான்.

மூன்றாம் வருஷம், ஒரு செடியின் அடியில் புதிதாகக் கிளம்பிய பக்கக்கன்று ரம்பம் மாதிரி முள்ளோடு வளர்ந்து என் முழங்கையைக் கிழித்தது. ஆள் அனுப்பி அவனை வரவழைத்துக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே, குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னான்:

"இது நான் தந்த கன்னே இல்லை மன்னி. நீங்க சந்தைலேர்ந்து வாங்கி நட்டிருப்பேள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடியை அப்படியே வேரோடு பிடுங்கி, மண் உதிர உதிர அவன் வெள்ளை வேட்டி மடியில் போட்டேன். வழவழப்பான தாய்ச்செடியும் முள்கன்றும் ஒரே தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இப்பச் சொல்லுடா. இதுல எந்தப் பாதியை நான் சந்தையில வாங்கினேன்?"