கூரைக்குப் போகவிருந்த பல்

வயல் பம்புசெட்டுத் தொட்டியில் குதித்த என் பன்னிரண்டு வயது மகள், விளிம்பில் வாயை இடித்துக்கொண்டாள். வேரோடு விழுந்த முன்பல்லைக் கையில் ஏந்தி வீட்டுக்கு ஓடி வந்தாள். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதுதானே எங்கள் வழக்கம்? பதற்றத்தில் நான் சாணியைக்கூட எடுத்துவிட்டேன்.

“எறியாதம்மா! அது பால் பல்லு இல்ல. டம்ளர் பால்ல போட்டு எடுத்துட்டுப் போனா டாக்டர் திரும்ப வெச்சிடுவாராம், ஸ்கூல்ல சொன்னாங்க!” என்று ரத்த வாயோடு கத்தினாள்.

அப்படியே செய்து, அரை மணி நேரத்தில் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம். “நல்லவேளை, உடனே வந்தீங்க” என்ற பல் டாக்டர், அதே இடத்தில் பல்லைப் பொருத்திக் கம்பி கட்டினார். பல் பிடித்துக்கொண்டது. பள்ளி போட்டோவில் என் மகள்தான் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள்!

இப்போது வீட்டில் யாருக்குப் பல் விழுந்தாலும் முதலில் அவளிடம்தான் காட்டுகிறோம். “பால் பல்லுதான்” என்று அவள் சொன்ன பிறகே சாணியைத் தொடுகிறேன்.